கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

பெல்மதுளையிலிருந்து கஹவத்தைப் பக்கமாகச் செல்லும் பாதையை ஒட்டிய றப்பர்த் தோட்டமொன்றில் நம் உறவினர் குடியிருக்கும் லயம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர், வைகாசி மாதத்து அடைமழை இரவொன்றில் நாம் அங்கே தங்க நேர்ந்தது. நள்ளிரவு கடந்த வேளையில், பின்புறத்து மண்மேடு சரிகின்றதென்று அடுத்த காம்பராவிலிருந்து கூக்குரல் எழுந்தது. எல்லோரும் முன்கதவை நோக்கி ஓடினோம். தாழ்ப்பாள் அசையவில்லை. மழையில் ஊறிப் பருத்த கதவு, துருவேறிய கோலை அதன் துவாரத்திலேயே நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தோம், ஆட்டினோம், தோளால் மோதினோம். எண்பதை நெருங்கிய அப்பாயிதான், "அம்மிக் குழவிய எடுத்து அடிங்கடா!" என்று சத்தமிட்டார். நாலாவது அடியில் பிடி முறிந்தது. அதற்கடுத்த அடியில் கதவு திறந்தது. நல்லவேளையாக மண், பின்வாசற் கானோடு நின்றுவிட்டது.

மறுநாட் காலை, புதிய தாழ்ப்பாளொன்று வாங்கப் பெல்மதுளைக் கடைவீதிக்குப் புறப்பட்டோம். அதைப் பூட்டிய கதையும், பூட்டும்போது கற்றுக்கொண்டவையுமே இக்கட்டுரை. கதவில் ஓர் இரும்புத் துண்டைத் திருகி வைப்பதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்போர் இருக்கலாம். அந்த இரவுக்கு முன் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

பூட்டின் சரித்திரம் நீண்டது. மரக்கட்டைகள் விழுந்து தடுக்கும் பூட்டுகளைப் பண்டைய எகிப்தியர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பயன்படுத்தினர். தமிழ்நாட்டுத் திண்டுக்கல்லில் கைவினைஞர் செய்யும் பூட்டுகளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் தாழ்ப்பாளுக்கு இத்தகைய பெருமை எதுவுமில்லை. ஒரு கோல், அதை ஏந்தும் தகடு, கோல் சென்று நுழையும் நாதாங்கி. இவ்வளவுதான். கோட்டை வாயில்களில் குறுக்கே போட்ட கணையமரத்துக்கும், நம் காம்பராவின் ஆறங்குலத் தாழ்ப்பாளுக்கும் வேலை ஒன்றே. வெளியிலிருப்பவன் திறக்கக்கூடாது, உள்ளிருப்பவன் உடனே திறக்கவேண்டும். இவ்விரண்டில் முதலாவதை மட்டும் எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் வாங்குவதே நாம் செய்யும் பிழை.

அந்தப் பிழைக்கு உலகம் கொடுத்த விலையைச் சொல்லவேண்டும். 1883ஆம் ஆண்டு ஜூன் 16ஆந் திகதி, இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிலுள்ள விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்கான காட்சியொன்று நடைபெற்றது. முடிவில் பரிசுகள் உண்டென்று அறிவித்தார்கள். மேல்மாடத்திலிருந்த பிள்ளைகள் ஆவலோடு படிகளில் இறங்கி ஓடினார்கள். படிக்கட்டின் அடியிலிருந்த கதவோ, ஒரு பிள்ளை மட்டும் நுழையக்கூடிய இடைவெளியோடு தாழிடப்பட்டிருந்தது. முன்னே சென்றவர்கள் அங்கே சிக்கிக்கொள்ள, பின்னே வந்தவர்கள் அறியாது நெருக்கினார்கள். 183 பிள்ளைகள் மாண்டனர். தீ இல்லை, வெள்ளம் இல்லை. ஒரு தாழ்ப்பாள் மட்டுமே. உள்ளிருந்து தள்ளினால் தானே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளுக்கு ரொபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892இல் காப்புரிமை பெற்றார். இன்று திரையரங்குகளிலும் பெரிய கடைகளிலும் அவசர வாயிற் கதவுகளில் குறுக்கே காணப்படும் நீண்ட பிடி அதன் வழிவந்ததே.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

கடையில் தாழ்ப்பாள்கள் அடுக்காக இருந்தன: வர்ணம் பூசிய இரும்பு, நாகமுலாமிட்டது, துருப்பிடியா உருக்கு, பித்தளை. விலை குறைந்த இரும்புத் தாழ்ப்பாளை எடுக்கவே கை நீண்டது. ஆனால் இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. இந்த ஈரத்தில் இரும்பு இரண்டு வருடத்தில் பழுப்பாகிவிடும். எனவே துருப்பிடியா உருக்கில், எட்டங்குல நீளத்தில், கோல் பருத்த ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். அதனோடு அதே உலோகத்தில் ஒன்றரை அங்குலத் திருகாணிகளும் வாங்கினோம். தாழ்ப்பாளோடு பொதியில் வரும் குட்டித் திருகாணிகளை நம்பாதீர்கள். பித்தளைத் தாழ்ப்பாளுக்கு இரும்புத் திருகாணி போடுவதும் ஆகாது. இரு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பே முதலில் அரிபட்டுப் போகும். ஒருநாள் தாழ்ப்பாள் முழுதாகக் கையோடு வந்துவிடும்.

லயத்துக் கதவு பெரும்பாலும் நெடும் பலகைகளை வரிசையாக நிறுத்தி, உட்புறம் குறுக்குச் சட்டங்கள் அடித்துச் செய்ததாகும். தாழ்ப்பாளை வெறும் பலகையில் பூட்டினால் திருகாணிக்குப் பிடிப்பு இராது. அல்லது அதன் முனை மறுபுறம் எட்டிப் பார்க்கும். ஆதலால் குறுக்குச் சட்டத்தின் மீதே பூட்டவேண்டும். எங்கள் கதவில் நடுச்சட்டம் இடுப்பு உயரத்தில் இருந்தது. அப்பாயி குனியத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகும் சின்னவனுக்கும் எட்டும். அவசரத்தில் வீட்டிலுள்ள மிகச் சிறிய கையும் மிகத் தளர்ந்த கையும் திறக்கக்கூடிய உயரமே சரியான உயரம்.

தாழ்ப்பாளை எடுக்குமுன் பிணைச்சல்களைப் பார்த்தோம். மேற்பிணைச்சல் தளர்ந்து, கதவு சற்றே சாய்ந்திருந்தது. சாய்ந்த கதவில் பூட்டிய தாழ்ப்பாள் ஒரே மாதத்தில் நாதாங்கியைவிட்டு இறங்கிவிடும். தேய்ந்த திருகாணித் துளைகளில் மூங்கிற் சிம்பை மரப்பசையில் தோய்த்து இறுக அடித்து, காய்ந்தபின் மீண்டும் திருகினோம். இந்த வேலைக்கே அரைநாள் போயிற்று. ஆனால் தாழ்ப்பாள் பூட்டும் வேலையில் பாதி இதுதானென்று பின்னர் தெரிந்தது.

பிறகு கதவை நன்றாகச் சாத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, தாழ்ப்பாளைச் சட்டத்தின் மேல் நேராக வைத்துப் பென்சிலால் துளைகளைக் குறித்தோம். திருகாணியின் புரியை நீக்கினால் எஞ்சும் நடுத்தண்டின் பருமனுக்கே முதலிற் துளையிடவேண்டும். துளையிடாமல் அழுத்தித் திருகினால், காய்ந்த பலா மரமும் தேக்கும் பிளக்கும். திருகாணியில் சிறிது சவர்க்காரம் தடவினால் இலகுவாக இறங்கும். பித்தளைத் திருகாணியாயின், அதே அளவுள்ள இரும்புத் திருகாணியொன்றை முதலில் இறக்கி வழி செய்துவிட்டுப் பின்னர் பித்தளையைப் போடவேண்டும். மென்மையான அதன் தலை திருப்புளிக்கு நசுங்கிவிடும். எல்லாத் திருகாணிகளையும் ஒரேயடியாக முடுக்கிவிடலாகாது. இரண்டை மட்டும் போட்டு, கோலை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்து, தடையின்றி ஓடினால் மற்றவற்றைப் போடுவது நல்லது.

அடுத்தது நாதாங்கி. கோலை நிலைவரை தள்ளி, அது தொடும் இடத்தைக் குறித்தோம். எங்கள் கதவு உட்புறமாகத் திறப்பது. வெளியிலிருந்து ஒருவன் தோளால் மோதினால் பாரம் முழுவதும் நாதாங்கியின் மேலேயே விழும். தாழ்ப்பாள் எவ்வளவு தடித்ததாயினும், நாதாங்கி இரண்டு அரையங்குலத் திருகாணிகளில் தொங்குமானால் பயனில்லை. உடைக்கப்பட்ட கதவுகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: கோல் வளையாமல் அப்படியே இருக்கும், நாதாங்கி பிடுங்கிக்கொண்டு கிடக்கும். ஆகவே நீண்ட திருகாணிகளை அங்கேதான் போடவேண்டும். நிலை பருமனாக இருந்தால், தகட்டை மேலே பூட்டுவதைவிட நிலையிலேயே துளையிட்டுக் கோலை ஓரங்குல ஆழம் நுழையச் செய்வது இன்னும் உறுதி. நிலையே சுவரில் ஆடுமானால் முதலில் அதற்குச் சீமெந்து வையுங்கள். பழைய லயங்கள் பலவற்றில் ஆடுவது நிலைதான்.

துவாரத்தைக் கோலின் அளவுக்கே இறுக்கமாகச் செய்வதில் தச்சருக்கு ஒரு பெருமை உண்டு. இங்கே அந்தப் பெருமை வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில் பருக்கும். நீளவாட்டில் மிகக் குறைவாகவே நீளும். நெடும் பலகைக் கதவு மழைக்காலத்தில் அகன்று நிலையோடு நெருக்குவது அதனாலேதான். எனவே கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு நாணயம் நுழையும் இடைவெளியும், துவாரத்தில் கோலைச் சுற்றிச் சிறிது தாராளமும் இருக்கவேண்டும். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வர்ணம் பூசுவோர் அரிது. நீர் அதிகமாக ஏறுவது அந்த வெட்டு முனைகளிலேதான்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தடுக்காது. 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டதை இப்பகுதிப் பெரியோர் மறக்கவில்லை. கூட்டம் வந்து நிற்கும்போது கதவென்ன, தாழென்ன? அப்பாயி இன்றும் படுக்குமுன் தாழ்ப்பாளை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பார். ஏனென்று நாம் கேட்டதில்லை.

ஆனால் தாழ்ப்பாளொன்று வாழ்க்கையையே மாற்றும் இடமும் லயத்தில் உண்டு. அது வீட்டுக் கதவன்று, கழிவறைக் கதவு. ஒற்றைக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பத்திலே, வளர்ந்த பெண்பிள்ளைக்குத் தனிமை கிடைப்பது அங்கே மட்டுந்தான். அந்தக் கதவிலும் தாழ் இல்லாமல், ஒரு கையால் கதவைப் பிடித்தபடியும், தங்கையை வெளியே காவல் நிறுத்தியும் போய்வரும் மாணவிகளை நாம் அறிவோம். மூன்றங்குலத் தாழ்ப்பாளொன்றின் விலை அதிகமில்லை. தகப்பன்மாரும் தமையன்மாரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யக்கூடிய வேலை இது. இங்கே மட்டும் நாம் மேலே சொன்னதற்கு மாறாகக் குட்டித் திருகாணிகளையே போடுங்கள். உள்ளே யாராவது மயங்கி விழுந்தாலோ, குழந்தையொன்று தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுதாலோ, வெளியிலிருந்து ஓர் உதையில் கதவு திறக்கவேண்டும்.

வீட்டுக் கதவை இரவில் உட்புறம் ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இரத்தினக்கல் வியாபாரிகளின் ஊரல்லவா! ஆயினும் விளக்கு அணைந்த இருட்டில், புகையிலோ மண்சரிவிலோ, தலையணைக்குக் கீழே சாவியைத் தேடி எடுப்பது நடக்கிற காரியமன்று. உள்ளே தாழ்ப்பாள் போதும். பூட்டு வெளிப்புறத்துக்கே உரியது.

மண்சரிவைப் பற்றி மீண்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க இயலாது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி உட்படத் தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இப்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. ஆனால் அறிவிப்பு வருமுன்னரே சில வேளைகளில் நம் கதவு சொல்லிவிடுகிறது. நேற்றுவரை வழுக்கிச் சென்ற தாழ்ப்பாள் இன்று நாதாங்கிக்கு நேரே நிற்கவில்லையென்றால் காரணம் மூன்றிலொன்றாக இருக்கலாம். வெயிலடித்த இரண்டொரு நாளில் சரியாகிவிட்டால் அது மரத்தின் ஈரம். கதவின் மேல்மூலையில் பிணைச்சற் பக்கம் இடைவெளி விரிந்திருந்தால் பிணைச்சலின் தளர்ச்சி. இரண்டும் இல்லாமல், நிலை தூக்குநூலுக்குச் சாய்ந்திருந்து, சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்பும் தோன்றியிருந்தால், உளியை எடுத்துத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டாம். நகர்ந்திருப்பது கதவன்று, நிலமாக இருக்கலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கோ, 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

எங்கள் புதிய தாழ்ப்பாள் இப்போது மூன்று மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. ஒருமுறை மட்டும் சற்று இறுகியது. தேங்காயெண்ணெய் விடப்போன நம்மை அடுத்த காம்பராத் தச்சர் தடுத்துவிட்டார். எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடுமாம். சின்னவனின் புத்தகப் பையிலிருந்து ஒரு பென்சிற் துண்டை எடுத்து, அதன் கரியைக் கோல் முழுதும் தேய்த்தார். மறுநாள் பையன் பென்சிலைத் தேடி அழுதபோதுதான் அது எங்கே போயிற்றென்பது வீட்டாருக்குத் தெரிந்தது.