தூரமும் நேரமும்: ஸ்ரீநகரிலிருந்து லே வரை

வெளி மாநிலங்களில் வாழும் நாம் ஊருக்குள்ள தொலைவைப் பெரும்பாலும் நேரத்தைக் கொண்டே கூறுகிறோம். பெங்களூரில் இருப்பவருக்குச் சென்னை ஓர் இரவுப் பிரயாணம், அவ்வளவே. ஆனால் இக்கணக்கு நாட்டின் வட எல்லைக்குப் பொருந்துவதன்று. மகனோ மருமகனோ லடாக்கில் பணிபுரியும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. லே நகரம் எவ்வளவு தூரம் என்று அவர்கள் கேட்டால் மூன்று விடைகள் கூறலாம். ஸ்ரீநகர் வழியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தேசப்படத்தில் அளந்தால், ஸ்ரீநகருக்கும் லே நகருக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 260 கிலோமீட்டர். இது பெங்களூர் சென்னை நேர்த்தொலைவினும் குறைவு.

சாலை வழியே சென்றால் அதுவே ஏறத்தாழ 420 கிலோமீட்டராகிறது. 11,500 அடிக்கு மேற்பட்ட சோஜி லாவையும், 13,400 அடிக்கு மேற்பட்ட ஃபோட்டு லாவையும் கடக்கவேண்டும். ‘லா’ என்றால் கணவாய் என்று பொருள். முதல் நாள் இரவு கார்கிலில் தங்கி, மறுநாள் லே சேர்வது வழக்கம். கடும் பனி பொழிந்து சோஜி லா மூடிவிட்டால் அவ்வழியும் இல்லை.

விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் எனக் கொண்டால் இருபது நிமிடம் போதும் என்று தோன்றும். ஆயினும் மலைத்தொடருக்கு மேலே ஏறவும், பின்னர் சிந்து நதிப் பள்ளத்தாக்கினுள் பார்த்து இறங்கவும் நேரம் வேண்டும். ஆகவே முக்கால் மணியளவு ஆகிறது. நேர் விமானம் இல்லாத நாளில் டில்லி சென்று மாறவேண்டும். அப்போது அரை நாளும் போய்விடும்.

லே விமான நிலையம் சுமார் 10,700 அடி உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டாச் சிகரத்தினும் இது இரண்டாயிரம் அடி அதிகம். அங்கே காற்று மெலிந்தது. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் விமானம் மிகுந்த பாரத்துடன் எழ இயலாது. பிற்பகலில் பலத்த காற்றும் வீசும். அதனாலேயே பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்புகின்றன.

1948 மே 24 அன்று இந்நகரில் முதல் விமானம் இறங்கியது. உள்ளூர் மக்களின் உழைப்பால் எழுந்த ஓடுதளத்தில் மெஹர் சிங் தமது டகோடாவை இறக்கினார். உடன் வந்தவர், குடகு நாட்டில் பிறந்து, குன்னூரிலும் பெங்களூரிலும் கல்வி பயின்ற தளபதி திம்மய்யா.

விமானம் விரைந்து சென்றாலும் உடல் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை. டில்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் பதினாயிரம் அடி உயர்ந்துவிடுகிறோம். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுப்பது அவசியம். இருதய நோயோ சுவாச நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே புறப்படுதல் நன்று.

ஆகவே பிள்ளையைக் காணச் செல்லும் பெற்றோர் அந்த இரண்டு நாட்களையும் பிரயாணத்திலேயே சேர்த்துக்கொள்க. அங்கிருந்து திருமணத்திற்கு வருபவருக்கும் ஓரிரு நாட்கள் கூடுதலாக வைத்து நாள் குறியுங்கள். அவர் குறித்த நாளில் வாராவிடில் மனமில்லை என்று எண்ணலாகாது. அன்று காலை லேயில் மேகம் கவிந்திருக்கக்கூடும்.