மரவள்ளிக் கிழங்கை ஏன் திறந்து அவிக்க வேண்டும்?

மரவள்ளிக் கிழங்கை மூடி போடாமல் அவிக்கும்படி நம் அம்மம்மாமார் சொல்வதுண்டு. அதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது.

பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மரவள்ளி தன் கலங்களில் லினமரின் என்ற பொருளைச் சேமிக்கிறது. கிழங்கை வெட்டும்போது கலங்கள் உடைந்து, அதிலுள்ள நொதியம் லினமரினைத் தாக்கும். அப்போது ஐதரசன் சயனைட்டு என்னும் நஞ்சு உண்டாகும். இது 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். பானை திறந்திருந்தால் வெளியேறிவிடும்.

1981இல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே கடும் வரட்சி. கசப்பு மரவள்ளியை நாட்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்தப் பசி விடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் விறைத்து முடமாயின. அவர்களில் அதிகமானோர் பெண்களும் சிறுவர்களுமே. கொன்சோ எனப்படும் இந்நோயைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் வராமல் தடுக்கலாம்.

தோலை நன்றாகச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் ஊற விடுங்கள். பின்பு நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கிழங்கோடு மீன், முட்டை, பருப்பு என ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் புரதத்திலுள்ள கந்தகம், மிஞ்சிய நஞ்சை உடல் முறிப்பதற்கு உதவும். கிழங்குக்கு மீன்குழம்பு ருசிக்கு மட்டுமல்ல!