ஈ.கோலை: ஒரே பெயர், வேறு வேறு ஏடுகள்

கிணற்று நீரைப் பரிசோதித்த அறிக்கையில் 'ஈ.கோலை' என்ற பெயரைக் கண்டதும் சிலர் கொள்ளைநோய் வந்த மாதிரி நடுங்குவார்கள். 'அது எல்லார் வயிற்றிலும் இருக்கிறதுதானே' என்று சும்மா விட்டுவிடுபவர்களும் உண்டு. நீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள்; எந்த வகையானாலும் அந்த நீரைக் குடிக்கக் கூடாது. ஆனால் வயிற்றில் இருக்கும் ஈ.கோலை பற்றி இரு சாராரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், "சேர், பேர் ஒண்டு எண்டா கிருமியும் ஒண்டுதானே?" என்று கேட்டான். தமிழ் படிப்பிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? என்றாலும், பாடபேதம் பார்த்துப் பழகியவனுக்கு இது அந்நியமான விடயமல்ல.

மனிதனின் பரம்பரைத் தகவல் 23 சோடி நிறமூர்த்தங்களில் பிரிந்து கிடக்கிறது. ஈ.கோலைக்கு இருப்பது ஒரேயொரு நிறமூர்த்தம். அதுவும் முனையில்லாத வளையம். ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் கே-12 என்ற குலவகையின் வளையத்தை 1997 இல் முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துச் சோடிகள். புரதங்களுக்கான பரம்பரையலகுகள் 4,288. ஓரம் விடாமல் எழுதிய ஏடு என்று சொல்லலாம். ஏறத்தாழ 88 வீதமான இடம் புரதங்களுக்கான குறிப்புகளே. மனிதனில் அது 2 வீதத்தையும் எட்டாது. அடுக்கிலும் ஓர் ஒழுங்கு உண்டு. காப்பியத்தில் ஒரு படலத்துப் பாட்டுகள் சேர்ந்து நிற்பது மாதிரி, பாற்சீனியைக் கையாளும் மூன்று பரம்பரையலகுகள் அருகருகே நின்று ஒரே ஆளியால் இயங்குகின்றன. ஜாக்கோபும் மொனோவும் 1961 இல் விளக்கிய 'ஒப்பரோன்' இதுதான்.

இனி பேதத்துக்கு வருவோம். ஒரு நூலின் இரு சுவடிகளில் எழுத்து மாறும், சொல் மாறும். பற்றீரியாவிலும் அப்படி நடக்கும். ஆனால் பெரிய வித்தியாசம் அங்கே இல்லை, இடைச்செருகலில்தான் இருக்கிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஓ157 என்ற குலவகையை 2001 இல் கே-12 உடன் ஒப்பிட்டார்கள். கே-12 இல் இல்லாத 1,387 பரம்பரையலகுகள் அதில் இருந்தன. கே-12 இல் இருக்கும் 528 அதில் இல்லை. அடுத்த ஆண்டு, சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஒரு குலவகையையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றின் புரதங்களையும் ஒன்றாகத் திரட்டினால், மூன்றுக்கும் பொதுவானவை 40 வீதத்துக்கும் குறைவு! இவ்வளவு பேதமுள்ள சுவடிகளை ஒரே நூல் என்று எந்தப் பதிப்பாசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்தச் செருகல்களை அடையாளம் காண்பதும் நமக்குத் தெரிந்த வழியில்தான். நடை காட்டிக்கொடுக்கும். நான்கு எழுத்துகளும் வளையமெங்கும் வரும் விகிதம் ஓரிடத்தில் சட்டென்று மாறினால், அந்தப் பகுதி வெளியிலிருந்து வந்தது என்று சந்தேகிக்கிறார்கள். கொண்டுவருபவை எவை? பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகள் சில, அதைக் கொல்லாமல் வளையத்துக்குள் தம்மையே எழுதிவிட்டு உறங்கும். பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள் கையேடு போல ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குப் போகும். இங்கே என் உவமை முறிகிறது. சுவடி தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுவது. பற்றீரியாவோ பக்கத்தில் உயிரோடு இருப்பதிடமிருந்தும், வேற்று இனத்திடமிருந்தும்கூட வாங்கிக்கொள்ளும்.

2011 இல் ஜேர்மனியில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் பழி விழுந்தது. கடைசியில் முளைகட்டிய வெந்தயத்தில் வந்து நின்றது. விதை எகிப்திலிருந்து வந்தது என்று கண்டார்கள். (நம் குசினி வெந்தயத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கறியில் கொதித்துவிடும். பச்சை முளைதான் சிக்கல்.) கிருமி ஓ104. குடற்சுவரில் அப்பிக்கொள்ளும் ஒரு குலவகைக்குள் சிகா நஞ்சைச் சுமந்த வைரசு புகுந்திருந்தது. மருந்தை எதிர்க்கும் பிளாஸ்மிட்டும் கூடவே இருந்தது. தனித்தனியே தெரிந்த ஏடுகள்தான், ஒரே கட்டில் சேர்ந்துவிட்டன.

இரத்தத்தோடு வயிற்றோட்டம் போனால் பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்குவது நம்மவர் வழக்கம். சிகா நஞ்சுள்ள ஈ.கோலையாக இருந்தால் சிலவகை அன்டிபயோட்டிக் அந்த உறங்கும் வைரசை எழுப்பிவிடும். நஞ்சு கூடும், சிறுநீரகம் பழுதாகலாம். வைத்தியர்கள் தயங்குவது இதனால்தான்.

'நல்ல' ஈ.கோலையும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் சகாக்கள் வயிற்று நோயில் விழ, தான் மட்டும் தப்பிய ஒரு சிப்பாயின் குடலிலிருந்து அல்பிரட் நிஸ்ஸில் 1917 இல் எடுத்த குலவகை, ஜேர்மனியில் இன்றும் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அதன் வளையத்தையும் வாசித்துப் பார்த்தார்கள். மனிதக் கலத்தின் டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்தும் கொலிபக்டின் என்ற பொருளைச் செய்யும் பரம்பரையலகுத் தொகுதி ஒன்று அதற்குள்ளும் இருக்கிறது.