பிற்பகல் ஏற்றம், நடுச்சாமச் சீனி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். தை, மாசியில் புல்மேல் உறைபனி படியும் இரவுகளும் உண்டு. அந்தக் குளிரில், லயத்துக் காம்பராவில் கம்பளிக்குள் கிடக்கும் பிள்ளையின் பிடரி வியர்த்து நனைந்திருக்கிறது. பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்றால், காய்ச்சல் விடுகிறது என்று திரும்பிப் படுத்துவிடக் கூடாது. இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம்.

வியர்வை வந்தால் அது நல்ல காலம். சீனி இறங்கும்போது மற்றவர்களுக்குக் கணையம் இன்சுலினை நிறுத்தி, குளுக்ககோனைச் சுரந்து, ஈரலில் சேமித்த சீனியை வெளியே விடும். ஊசியில் போன இன்சுலினை நிறுத்த வழியில்லை. நோய் வந்து சில வருடங்களில் குளுக்ககோனும் கைவிடும். மிச்சம் அட்ரினலின்தான், உதறலும் வியர்வையும் அது அடிக்கும் மணி. ஆழ்ந்த தூக்கத்தில் அந்த மணியும் மெல்லத்தான் ஒலிக்கிறது என்று 1998இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதனால்தான் பல பிள்ளைகள் விழிப்பதே இல்லை.

இதில் மலைக்கும் பங்குண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பாதை ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். வந்ததும் பந்தும் மட்டையும். செலவான சீனியைத் தசைகள் உடனே முழுதாக நிரப்பிக்கொள்வதில்லை. மாலை நான்கு மணிக்கு உடற்பயிற்சி செய்த பதின்ம வயதினரை 2007இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்போது ஒருமுறை கூடிய சீனித் தேவை, 7 முதல் 11 மணித்தியாலம் கழித்து, அதாவது நடுச்சாமத்தில், மறுபடி கூடியது. மாலையில் போடும் கலங்கலான ஐசோபேன் இன்சுலினின் உச்சமும் ஏறத்தாழ அதே நேரம். இதற்காக விளையாட்டை நிறுத்துவது அநியாயம். ஓடியாடிய நாளில் இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது, படுக்குமுன் என்ன கொடுப்பது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். அன்றிரவு இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை விரல் குத்திப் பார்ப்பதும் நல்லது. குளிரில் விறைத்த விரலில் இரத்தம் சுலபமாக வராது. வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகு குத்த வேண்டும்.

டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் உடனே சீனித் தண்ணீர். 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறியிருந்தால் ஒரு துண்டு ரொட்டி.

நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, கையில் குளுக்ககோன் ஊசி இருந்தால் போட்டு, 1990ஐ அழைக்க வேண்டும். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். லயம்வரை வாகனம் ஏறாத இடமென்றால், ஒருவர் லாந்தரோடு ரோட்டுக்கு இறங்கி நிற்கட்டும்.