பிரிண்ட் வருது... ஸ்கேன் மட்டும் மெயிலுக்குப் போகலையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்க!

ஜெராக்ஸ், பிரிண்ட் எல்லாம் சரியாக வருகிறது. ஸ்கேன் செய்து மெயில் அனுப்பினால் மட்டும் 'எரர்'. புதுச்சேரி - கடலூர் சாலையில் உள்ள பிள்ளையார்குப்பம் போன்ற ஊர்களில் சின்ன ஆபீஸ், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்களுக்கு இது பெரிய தலைவலி. மெக்கானிக் டவுனில் இருந்து வரும்வரை வேலை நிற்கும். ஆனால் பல நேரங்களில் கோளாறு மெஷினில் இல்லை, செட்டிங்ஸில்தான் இருக்கிறது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மெஷினின் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ரவுட்டரை முதலில் ஆன் செய்து, நெட் வந்த பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்லைன்' என்று காட்டுவது ஏன்?

ரவுட்டர் மெஷினுக்குப் புது முகவரி கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் தபால் போட்ட கதைதான். ரவுட்டர் செட்டிங்ஸில் மெஷினுக்கென ஒரே முகவரியை 'ரிசர்வ்' செய்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது.

மெயில் மட்டும் ஏன் போகவில்லை?

ஜிமெயிலின் சாதாரண பாஸ்வேர்டை இப்படி மெஷின்களில் போட்டுப் பயன்படுத்தும் வசதியை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. அதனால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் 'ஆதென்டிகேஷன்' எரர் வரும். தீர்வு இதுதான்:

* கூகுள் கணக்கில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' ஆன் செய்யவும்.
* 'ஆப் பாஸ்வேர்டு' உருவாக்கவும். 16 எழுத்துகள் கிடைக்கும்.
* பழைய பாஸ்வேர்டுக்குப் பதில் அதை மெஷினில் இடைவெளி இல்லாமல் டைப் செய்யவும்.
* போர்ட் எண் 587, பாதுகாப்பு 'ஸ்டார்ட் டிஎல்எஸ்' என வைக்கவும்.

கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் ரத்தாகிவிடும். அப்போது புதிதாக எடுக்க வேண்டும்.

அப்பவும் போகலையா?

மெஷினில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்றுப்போகும். 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்தால் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 போட்டுப் பார்க்கலாம். ஜிமெயிலில் 25 எம்பி வரைதான் அனுப்ப முடியும். பக்கம் அதிகம் என்றால் கலரைத் தவிர்த்து, 200 டிபிஐ வைத்தால் ஃபைல் சின்னதாகும்.

கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு ஸ்கேன் போகவில்லை என்றால்?

பழைய மெஷின்கள் 'எஸ்எம்பி 1' என்ற முறையில் ஃபைல் அனுப்பும். 2017 மே மாதம் உலகையே மிரட்டிய 'வான்னாக்ரை' வைரஸ் பரவியது இந்த வழியில் இருந்த ஓட்டை மூலம்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது இது சேர்க்கப்படுவதில்லை. 'அதை ஆன் பண்ணுங்க, சரியாகிடும்' என்று யாராவது சொன்னால் உடனே செய்துவிடாதீர்கள். மெஷினில் 'எஸ்எம்பி 2' அல்லது '3' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

இதில் மட்டும் ஏமாந்துடாதீங்க!

இணையத்தில் 'பிரிண்டர் கஸ்டமர் கேர்' என்று தேடினால் போலி நம்பர்களும் வரும். போனில் பேசுபவர் ஓடிபி கேட்டாலோ, கம்ப்யூட்டரை அவர் கட்டுப்பாட்டில் கொடுக்கும் ஆப் போடச் சொன்னாலோ உடனே கட் செய்யுங்கள். கம்பெனியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள நம்பரை மட்டும் நம்புங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: மெஷின் வழியாகப் போன ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் அந்த ஜிமெயிலின் 'சென்ட்' பகுதியில் அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும். சொந்த மெயிலை விட்டுவிட்டு ஸ்கேனுக்கென தனிக் கணக்கு வையுங்கள். வாரம் ஒருமுறை 'சென்ட்' பகுதியையும், 'டிராஷ்' பகுதியையும் காலி செய்துவிடுங்கள்.