அச்சமும் மணமும்: புலனுணர்வின் வரலாற்றுத்தன்மை பற்றிய ஒரு குறிப்பு

புலன்கள் இயற்கை வழங்கிய மாறாக் கொடைகள் என்னும் எண்ணம் கருத்துமுதல்வாதத்தில் மாத்திரமன்றி, இயந்திரப் பொருள்முதல்வாதத்திலும் வேரூன்றியிருந்தது. 1844இல் எழுதப்பட்டு 1932இலேயே முழுமையாக அச்சேறிய பொருளாதார, தத்துவக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் இதனை மறுத்து, ஐம்புலன்களும் மனித வரலாற்றினூடாக உருவானவை என்றார். இலக்கிய மாணவராகிய நாம் இக்கூற்றை இசைக்கும் ஓவியத்துக்கும் பொருத்தி அமைதி கொள்கின்றோம். மூக்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அண்மைக்கால நரம்பியலாய்வுகளோ மூக்கைப் பற்றியே பேசுமாறு எம்மை வற்புறுத்துகின்றன.

கண்ணும் செவியும் பெறுவன தலமசு எனும் இடைநிலையத்தினூடாகவே மூளைய மேற்பட்டையை அடைகின்றன. மணம் அவ்வாறன்று. அது மணக்குமிழினின்று நேரே மணத்துக்குரிய மேற்பட்டைக்கும், அச்சத்துடன் நெருங்கிய தொடர்புடைய அமிக்டலாவுக்கும் செல்கின்றது. மணமும் அச்சமும் மூளையில் அண்டை வீட்டார் எனலாம்.

2008இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தில் வென் லீயும் அவர்தம் சகாக்களும் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒன்றற்கொன்று ஆடிவிம்பமாயமைந்த இரு மூலக்கூறுகளின் மணத்தைப் பங்குபற்றியோரால் வேறுபிரித்தறிய முடியவில்லை. அவற்றுள் ஒன்றை நுகரும்பொழுது மாத்திரம் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பின்னர் அவர்கள் இரண்டையும் பிரித்தறிந்தனர். மணத்துக்குரிய மேற்பட்டையில் அவ்விரண்டும் தோற்றுவித்த தொழிற்பாட்டுக் கோலங்களும் வேறுபட்டிருந்தன. அச்சம் இங்கு பழைய உணர்வொன்றுக்கு நிறம் பூசவில்லை. முன்னர் இல்லாத ஒரு வேறுபாட்டையே புலனாக்கியது.

2013இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வு பதகளிப்பைப் பற்றியது. விபத்து, போர் ஆகியன பற்றிய படங்களையும் வாசகங்களையும் கண்டு மனங்கலங்கியோருக்கு, முன்னர் நல்லதும் தீயதுமல்லாதிருந்த மணங்கள் வெறுக்கத்தக்கனவாயின. வழமையில் தனித்தனியே இயங்கும் மணச்சுற்றும் உணர்ச்சிச்சுற்றும் அப்பொழுது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டமை அவதானிக்கப்பட்டது. (நறுமணத்தையும் குறித்துவந்த 'நாற்றம்' என்னும் சொல் இன்று துர்மணத்துக்கே உரியதாகிவிட்டமை எமது நினைவுக்கு வருகின்றது. அதன் காரணம் வேறு. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தல் தகாது.) அதேயாண்டில் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தார் எலிகளில் நடத்திய ஆய்வு இன்னும் ஆழமானது. அதிர்ச்சியோடு இணைந்த மணத்துக்கு, மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் முதல் நரம்புக்கலங்களே கூடுதலாகத் துலங்கின. அதாவது, மூளை 'சிந்திக்க'த் தொடங்குமுன்னரே கடந்தகாலம் மூக்கில் குடிகொண்டுவிடுகின்றது. ஒரு மணம் தம்மை வதைக்கின்றதென முறையிடுவோரை மனப்பிரமை கொண்டோரென ஒதுக்குதல் இனிப் பொருந்தாது.

எனினும், ஆய்வுகூடத்து மின்னதிர்ச்சி வரலாறற்ற அச்சமாகும். வரலாறுள்ள அச்சத்தைக் காண வேறிடம் செல்லவேண்டும். வியட்னாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினர் பலர் டீசல் மணத்தால் நிலைகுலைந்தனர். அவர்களும் அவர்கள் சார்பில் நின்ற உளமருத்துவர்களும் நடத்திய நெடும் போராட்டத்தின் பின்னரே, 1980இல், நெருக்கீட்டின் பின்னரான இம்மனவடு அமெரிக்க உளமருத்துவக் கைந்நூலில் நோயாக இடம்பெற்றது. 2007இல் வெளியான மூளைப்படவாய்வொன்றில், இந்நோய்க்கு ஆளான முன்னாட் படையினர் டீசலை நுகர்ந்தபோது அமிக்டலாவின் குருதியோட்டம் அதிகரித்தது. போர் கண்டும் நோயுறாதாரிடம் அவ்வாறு நிகழவில்லை. பேருந்துச் சாரதிக்குப் பிழைப்பின் மணமாகவுள்ள அதே டீசல் இவர்களுக்கு எரியும் ஊர்தியின் மணமாயிற்று. மூலக்கூறு ஒன்றே, வேறுபட்டவை அவர்கள் நின்ற இடங்கள். அவ்விடங்களில் அவர்களை நிறுத்தியது யார் என்பதை மூளைப்படம் காட்டாது.

இன்னொன்றும் உண்டு. அவ்வாய்வில் நுகர்ந்தவை அனைத்தும் அமெரிக்க மூக்குகளே. நேபாம் எரித்த வயல்களில் நின்ற வியட்னாமிய உழவரிடம் டீசற் குப்பியை நீட்டி, உமக்கு இது எவ்வாறு மணக்கின்றது என அவ்வாய்வாளர் வினவவில்லை.