ஆறுமணிக் குருவியைக் காணும் கண்ணாடி

காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதனால் ஒரு சிறு பறவைக்கு நம் மக்கள் ஆறுமணிக் குருவி என்று பெயரிட்டனர். இந்தியாவிலே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, மழைக்காலம் கழிந்ததும் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, சித்திரை வரையில் நம் சோலைகளிலே தங்குகிறது. முதுகிலே பச்சை, சிறகிலே நீலம், அடிவயிற்றிலே செம்மை, கண்ணின் குறுக்கே கரும்பட்டை என இத்தனை வண்ணம் இருந்தும், அதன் குரலைக் கேட்டவர் பலர். உருவைக் கண்டவர் சிலரே. வெளிச்சம் குன்றிய வேளையில், புதர் நிழலில், சருகுகளைக் கிளறி இரை தேடுவது அதன் இயல்பு. பறவை நோக்குவதற்கு இருகண் தொலைநோக்கி ஒன்று வாங்க விரும்புவோர்க்கு இக்குருவியே சிறந்த ஆசான் என்று கூறலாம்.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுஞ்சாலையில், குண்டசாலையைக் கடந்து சென்றால் திகன நகரை அடையலாம். 1985 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற விக்டோரியா அணையின் நீர்ப்பரப்பு, பழைய தெல்தெனிய நகரைத் தன்னுள் அடக்கிக்கொண்டு அருகே விரிந்து கிடக்கிறது. அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. நீரோரத்திலே நீர்க்காகமும் கொக்கும், வானிலே செம்பருந்து, பலாவும் கமுகும் செறிந்த வீட்டுத் தோட்டங்களிலே குக்குறுவானும் கிளியும். வெட்டவெளியும் அடர்நிழலும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்திருத்தலால், தொலைநோக்கியின் குணமும் குற்றமும் இங்கே விரைவில் வெளிப்பட்டுவிடும்.

பைனாக்குலர் எனப் பலரும் வழங்கும் இக்கருவியின்மீது 8 × 42 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, உருவம் எத்தனை மடங்கு பெருகித் தோன்றும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, முன்புறக் கண்ணாடியின் குறுக்களவை மில்லிமீற்றரிலே கூறும். வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணையே கேட்கின்றனர். விற்பவரும் பத்து, பன்னிரண்டு, இருபது என்று அதையே உயர்த்திப் பேசுகின்றனர். ஆயினும் ஆறுமணிக் குருவி கேட்பது இரண்டாம் எண்ணையே.

இரண்டாம் எண்ணை முதலெண்ணால் வகுத்தால், கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8 × 42 கருவியில் அது 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். சட்டைப்பையில் அடங்கும் 8 × 21 கருவியிலோ 2.6 மில்லிமீற்றர்தான். நண்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியிருப்பதால், அவ்வேளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தைத் தரும். அந்திவேளையிலும் காட்டு நிழலிலும் கண்மணி விரிந்துவிடும். அப்பொழுது பெரிய கண்ணாடி, சிறியதைப்போல் நான்கு மடங்கு ஒளியை அளிக்கும். நடுப்பகலில் கடைவாயிலில் நின்று சோதிப்பவர் ஏமாறுவது இதனாலேதான். கடையின் இருண்ட மூலையை, மாடிப்படியின் கீழ்ப்புறத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். அங்கே நிறம் தெரிந்தால், கண்டி நகரின் உடவத்தக்கலைக் காட்டிலே பச்சை இலையிடைப் பச்சைப் பறவையாகிய மஞ்சள் நெற்றிக் குக்குறுவானும் தெரியும்.

நீர்த்தேக்கத்திலே தூரத்துப் பறவையைக் காண மிகு பெருக்கம் வேண்டாவோ என்று சிலர் வினவுவர். பெருக்கம் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை. கையின் நடுக்கத்தையும் அதே அளவில் பெரிதாக்குகிறது. காட்சிப் பரப்பையும் குறுக்கிவிடுகிறது. ஆயிரம் மீற்றர் தொலைவில் எட்டு மடங்குக் கருவி பொதுவாக 120 முதல் 140 மீற்றர் அகலத்தைக் காட்டும். பத்து மடங்குக் கருவிகளில் அது ஏறத்தாழ 110 மீற்றராகச் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் தேடுவோர்க்கு இது பேரிழப்பாகும். மேலும், வெயில் ஏறியபின் நீரின்மேல் கானல் எழுந்து காட்சியைக் கலைத்துவிடும். அதை எந்தப் பெருக்கமும் வெல்லாது. மிகத் தொலைவிலுள்ள பறவைக்கு முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கியே உரியது. பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் 'சூம்' வகையும், செந்நிறமாக மின்னும் பூச்சுடைய மலிவு வகையும் தவிர்க்கத்தக்கவை.

ஐரோப்பிய உயர்தரக் கருவிகளின் விலை நம்மவர்க்கு எட்டாதது. மிக மலிவானதோ கண்ணை வருத்தும். நிக்கானின் மொனார்க், வோர்டெக்ஸின் டைமண்ட்பேக் போன்ற இடைத்தர வரிசைகளிலே போதுமான தரம் கிடைக்கிறது. எந்தப் பெயராயினும் சில சோதனைகள் செய்க. கருவியைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால் கண்வில்லையில் தோன்றும் ஒளிப்பொட்டு முழுவட்டமாக இருத்தல் வேண்டும். ஓரம் வெட்டுண்டு சதுரம்போல் தோன்றினால் உள்ளிருக்கும் பட்டகம் தரங்குறைந்தது. தொலைவிலுள்ள மின்கம்பியைப் பார்க்கும்போது அது இரண்டாகப் பிரிந்தாலும், பார்த்தபின் தலை வலித்தாலும் குழாய்கள் நேராக அமையவில்லை என்று உணரலாம். மூக்குக்கண்ணாடி அணியும் ஆசிரியர்கள், கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே 15 மில்லிமீற்றராவது இடைவெளி தரும் கருவியைத் தேர்க. மாணவர் கைக்குச் செல்வதாயின், சிறுவரின் நெருங்கிய கண்களுக்கேற்பக் குழாய்கள் போதிய அளவு மடங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

மலைநாட்டு மழையை மறத்தலாகாது. நைதரசன் வாயு நிரப்பி நீர் புகாதவாறு அடைத்த கருவியே இங்கு நிலைக்கும். ஏனையவற்றின் உட்புறத்திலே ஈரத்தால் பூஞ்சணம் படரும். தோலுறையில் இட்டு அலுமாரியில் பூட்டி வைப்பது கேடு. ஈரமுறிஞ்சும் சிலிக்காத் துணிக்கைகளுடன் காற்றுப்புகாப் பெட்டியில் வைப்பது நலம்.

ஒரு காலத்திலே பறவையின் பெயரை உறுதிசெய்யத் துப்பாக்கி வேண்டியிருந்தது. 1878 முதல் 1880 வரை வெளிவந்த லெக் என்பாரின் இலங்கைப் பறவைப் பெருநூலுக்கு, சுட்டுச் சேர்த்த பறவையுடல்களே பெரிதும் ஆதாரமாயின. 1894 இல் ஜெர்மனியின் ஜேனா நகரத்துச் சைஸ் நிறுவனம் பட்டகம் பொருத்திய இருகண் தொலைநோக்கியை விற்கத் தொடங்கியபின், உயிரோடு பறவையை அறியும் வழி அகன்றது. ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவை வழிகாட்டி 1955 இல் வெளிவந்தபோது, கையிலே கண்ணாடியும் பையிலே நூலும் போதும் என்ற நிலை உருவாயிற்று.

அந்த வழியிலே நம் மாணவரை அழைத்துச் செல்வது ஆசிரியர் கடன். பள்ளியொன்று தன் சிறு நிதியில் ஒரு கருவியே வாங்கக்கூடும். அது தவறான கருவியாயின், விடியற்காலையில் புதரை நோக்கும் சிறுவன் இருளை மட்டுமே காண்பான். கண்ணாடியின் குறையைத் தன் கண்ணின் குறையென்று கருதி, "எனக்கு இது வராது" என்று விலகிவிடுவான். பறவையை இழப்பதோடு, உற்றுநோக்கும் பழக்கத்தையும் அவன் இழக்கிறான். ஆகவே எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு மில்லிமீற்றர், நீர்ப்புகா அடைப்பு என்னும் மூன்றையும் நினைவிற் கொள்க. குரலாக மட்டுமே அறிந்திருந்த குருவி வண்ணத்தோடு தோன்றும்போது அச்சிறுவன் அடையும் வியப்பு, கொடுத்த விலைக்கு மிகையான வரவேயாம்.